கை மாறாட்டம்

துறைமுகத்தில் அவருக்கு ஆகாசம் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கிற பெரிய கிரேனின் உச்சியில் கண்ணாடித் தரை போட்ட சின்ன கேபின் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து பார்த்தபடி, அறை அளவு இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து எடுத்து லாரி மேல் வைப்பது அவர் வேலை. முட்டையைத் தட்டில் வைக்கிற மாதிரி வைப்பார். பெட்டி வந்து உட்கார்ந்ததே தெரியாமல் லாரி டிரைவர்கள் போன் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மேலே இருக்கும்வரை அவரைப் போலப் பரம சாது கிடையாது. வேலை நேரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, கீழே இறங்கியதும் அத்தனை பேச்சையும் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்ப்பார். கேட்க ஆள் வேண்டுமே. அதற்கென்று வாய்த்தவள் அவர் மனைவி. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். தெரு முழுக்க அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கடுகளவு திருகாணியை ஒரே பார்வையில் தரையிலிருந்து பொறுக்கிவிடுவாள். ஆகாசம் பேசப் பேச 'ம்' கொட்டிக்கொண்டே ஒரு பிரேமுக்குக் காது வளைத்து முடித்துவிடுவாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை என்று அவளைப் பற்றி ஆகாசத்துக்கு ஏகப் பெருமை, என்னவோ அவரே போடாமல் பார்த்துக்கொண்ட மாதிரி.

யானைக்கும் அடி சறுக்கும். வருடாந்திர உடல் பரிசோதனையில் துறைமுக மருத்துவர் ஆகாசத்தின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, எண்ணைப் பார்த்தார். முதலில் மெஷினைத் தட்டினார். பிறகு வேறு மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் நூற்று எண்பத்திரண்டு என்றது.

"மேல உக்காந்திருக்கும்போது உங்களுக்குத் தலை சுத்துனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்றார் மருத்துவர்.

"எனக்கு எதுக்கு சார் தலை சுத்தணும்? கீழே இருக்கிறவனுங்களைப் பார்த்தாதான் சுத்தும்."

"பிரஷர் அடங்குற வரைக்கும் அவனுங்களோடதான் இருக்கப் போறீங்க."

அப்படித்தான் ஆகாசம் தரைக்கு வந்தார். நுழைவாயிலில், லாரிகளுக்கு அனுமதி அட்டை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இந்த அவமானத்தைக்கூடப் பொறுத்திருப்பார். அவர் இறங்கிய கேபினில் யாரை ஏற்றினார்கள் தெரியுமா? அவர் மச்சினனை. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவரே வேலை கற்றுக்கொடுத்து, இவரே சிபாரிசு செய்து உள்ளே நுழைத்த பையன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான்.

நகரத்துப் பெரிய மருத்துவமனை அவரை வீட்டிலிருந்தே கவனிக்கிற திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். உள்ளே கைப்பட்டையோடு ஒரு பிரஷர் மெஷின். காலையும் மாலையும் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும், எண் தானாக அவர் போனுக்குப் போய், போனிலிருந்து மருத்துவமனைக்குப் போய்விடும். அங்கே ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் நர்சுகள் உட்கார்ந்து, இப்படி வீடுகளில் இருக்கிற நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதாவது சரியில்லை என்றால் வீடியோவில் கூப்பிடுவார்கள். ஒரு மாதம் எண்கள் ஒழுங்காக இருந்தால், கேபினுக்குத் திரும்பலாம் என்று மருத்துவமனையே துறைமுகத்துக்கு எழுதும்.

இதையெல்லாம் வீடியோவில் வந்து விளக்கிய சிஸ்டர் பல வருடம் வார்டில் குப்பை கொட்டிவிட்டு இந்தத் திரை அறைக்கு வந்தவர். மெஷினில் தெரியக்கூடிய ஒவ்வொரு அடையாளத்தையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆகாசம் தலையை ஆட்டினார். மனசு மட்டும் மச்சினன் இப்போது தன் சீட்டை முன்னால் தள்ளியிருப்பானா பின்னால் தள்ளியிருப்பானா என்பதிலேயே இருந்தது.

முதல் வாரம் கோரம். அவர்கள் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கெட்டுப்போய், கதவில் தொங்கிய 'பழுது' அட்டையே பழுப்பேறிவிட்டது. உலகத்துப் பாரத்தையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் மூச்சு வாங்கப் படியேறி வருவார். பையை எறிவார். சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றுவார். மெஷின் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னைக்கு உன் தம்பி என்ன பண்ணான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நூற்று அறுபத்தெட்டு. நூற்று எழுபத்தொன்று. கடலைப் பொட்டலத்தை முடித்த கையோடு எடுத்தால் நூற்று எழுபத்தாறு.

சிஸ்டர் வீடியோவில் வந்தார்.

"ஐயா, போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது."

"இப்ப?"

"இப்ப ஃபேன் தெரியுது. சரி, பரவாயில்ல, கேளுங்க. பட்டையைச் சுத்துறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். முதுகு சாஞ்சிருக்கணும், காலு தரையில இருக்கணும். பேசக்கூடாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

உள்ளேயிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மாத்திரையைக் கூட்டினார்கள், உப்பைக் குறைத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். மாத்திரையைப் போட்டார். உப்பைப் பற்றிப் பேசிப் பேசியே சாப்பிட்டார். நடைப்பயிற்சிக்கு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, வெயிலாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நூற்று அறுபத்தொன்பதைப் பார்த்ததும் அவருக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"இது பொய் சொல்லுது. கையைக் கொடு, உனக்கு வெச்சுப் பாப்போம்."

கண்ணாடிக்காரம்மா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் உட்கார்ந்து கையை நீட்டினாள். பட்டை இறுகியது, தளர்ந்தது. நூற்றுப் பதினெட்டு. சரிதான், மெஷின் அரிச்சந்திரன்தான் என்று ஆகாசம் நொந்துகொண்டு பட்டையைக் கழற்றும்போதே போன் டிங் என்றது. மருத்துவமனையிலிருந்து செய்தி. 'அருமை! இப்படியே தொடருங்கள்.' கூடவே கைதட்டும் படம்.

அவள் கை என்று மெஷினுக்குத் தெரியுமா, என்ன? ஆகாசத்தின் மெஷினில் வந்ததெல்லாம் ஆகாசத்தின் பிரஷர். அவர் அந்தக் கைதட்டலைப் பார்த்தார். தன்னை யாரும் பாராட்டி எத்தனை நாள் ஆகிறது என்று நினைத்தார். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவுமாம். மறுநாள் காலையும், "மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாப்போம்" என்றார். அதற்கடுத்த நாள், "பேட்டரி வீக்கா இருக்கோ என்னவோ." அப்புறம் காரணமே சொல்வதில்லை. அவர் பட்டையை எடுத்தால் அவள் கையை நீட்டுவாள், அவ்வளவுதான். கண்ணாடி பிரேமில் மயிரிழை கோணலைக் கண்டுபிடிக்கிறவள், புருஷன் அடிக்கிற கூத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் இருப்பது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் வருகிற சீதேவியைக் காலால் உதைப்பாரா?

மருத்துவமனையில் அவர் புகழ் ஓங்கியது. "மத்தவங்களுக்கு உங்களைத்தான் உதாரணமா சொல்றேன்" என்றார் சிஸ்டர். "நடக்குறீங்க போல?" என்றும் கேட்டார். "ஏதோ முடிஞ்சது" என்று அடக்கமாகச் சொன்னார் ஆகாசம். நுழைவாயில் ஜன்னலில் உட்கார்ந்து தூரத்துக் கிரேனை அண்ணாந்து பார்த்தபோது முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள். மச்சினனிடம்கூட இனிமையாக நாலு வார்த்தை பேசினார். அவன் பயந்துபோய் அக்காவுக்குப் போன் போட்டு, "மாமாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தானாம்.

மாதக் கடைசி நெருங்கும்போது மெஷினில் ஒரு புதுமை. எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு இதயப் படம் மின்னியது.

"பாத்தியா?" என்றார் ஆகாசம். "நல்லா இருக்குன்னு மெஷினே ஹார்ட்டு போடுது."

அவள் மெஷினை வாங்கிக் கண்ணருகே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனாள். மறுநாளும் இதயம் மின்னியது. அதற்கு மறுநாளும். அந்த நாட்களில் அவள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று வெகுநேரம் பையில் சாவியைத் தேடுவாள். வீட்டுக் கதவு இருப்பதோ நான்காவது மாடியில், சாவிக்கு அங்கே என்ன அவசரம் என்று ஆகாசத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே அவளைத் தாண்டி ஏறிவிடுவார்.

சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை கடிதம் வந்துவிடும். ஆகாசம் கேபினுக்குப் போட்டுப்போகிற சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வீடியோ. சிஸ்டரின் முகத்தோடு கூட ஒரு டாக்டரம்மாவின் முகமும் இருந்தது. இரண்டிலும் சிரிப்பில்லை.

"ஐயா, மூணு நாளா உங்க நாடித்துடிப்பு ஒழுங்கா இல்லைன்னு மெஷின் எச்சரிக்கை குடுக்குது" என்றார் சிஸ்டர். "அந்த ஹார்ட் படம் மின்னுச்சே, பாக்கலையா? முதல் நாளே சொல்லிக் கொடுத்தேனே."

ஆகாசம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "மெஷின் சொல்றது உறுதி இல்ல, ஆனா பாக்காம விடக்கூடாது. இதயம் தாறுமாறா துடிச்சா உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். மூச்சு வாங்குதா? அசதியா இருக்கா? படியேறும்போது நடுவுல நிக்க வேண்டியிருக்கா?"

"எனக்கா? இல்லையே."

"எங்க முன்னாடியே இப்ப ஒரு தடவை எடுங்க."

இந்தத் தடவை வேறு கைக்கு வழியில்லை. ஆகாசம் தன் கையிலேயே பட்டையைச் சுற்றினார். பட்டை இறுகி, தளர்ந்தது. நூற்று ஐம்பத்தெட்டு. இதயம் மின்னவில்லை. டாக்டரம்மா அங்கே திரையைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார்.

"பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கு, நாங்க சொன்னதைக் கேட்ட பதட்டமா இருக்கும். துடிப்பு சுத்தமா இருக்கே. ஒருவேளை கை அசைஞ்சதுல அப்படிக் காட்டியிருக்குமோ?"

"இருக்கலாம் டாக்டர்" என்றார் சிஸ்டர், அரை மனசாக.

"சரி. இன்னும் ரெண்டு நாள் பாப்போம். மத்ததெல்லாம் நல்லாதான் இருந்திருக்கு."

அவ்வளவுதான். தப்பித்தார். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினால் போதும், திங்கட்கிழமை கேபின். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். ஆகாசத்துக்கு அப்போதுதான் கொட்டியது. துடிப்பு என் கையில் ஒழுங்காக இருக்கிறது. அப்படியானால் மூன்று நாளாக மின்னிய இதயம் யாருடையது?

நிமிர்ந்தார். வாசல் பக்கம் கண்ணாடிக்காரம்மா கடைக்குக் கிளம்பி நின்றாள். ஒரு கால் செருப்பில், இன்னொன்று வெளியே. ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். ஒரு செருப்பு மாட்டியதற்கு அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி? மூன்றாவது மாடியில் அவள் தேடியது சாவியை இல்லை என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கியது. கேபினாவது கிரேனாவது.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "அது என் கை இல்ல!"

"என்னது?"

"இத்தனை நாளும் அனுப்புனது என் கை இல்ல. என் பொண்டாட்டி கை. நல்லா காட்டுதேன்னு அவ கையில எடுத்து அனுப்பிக்கிட்டு இருந்தேன். நான் திருட்டுப்பய சிஸ்டர், என்னை அப்புறம் திட்டுங்க. இதோ நிக்கிறா. முதல்ல அவளைப் பாருங்க!"

திரையில் இரண்டு முகமும் ஒரு கணம் அப்படியே நின்றன. நெட்வொர்க் போய்விட்டதோ என்றுகூட நினைத்தார். பிறகு சிஸ்டரின் குரல் வந்தது, வார்டுக் குரல், நோயாளியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத குரல்.

"அவங்களை உக்கார வைங்க. முதுகு சாஞ்சு. பட்டையைச் சுத்துங்க."

"நான் கடை திறக்கணும்" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"கடையாவது மண்ணாங்கட்டியாவது, உக்காரு!" கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவளை அதட்டியது அதுதான் முதல்முறை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இதயம் மின்னியது. துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டிப் போனது. டாக்டரம்மா அவளிடம் முகத்தை அசைக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, அதுவரை ஒரு படிகூட நடக்கவிடாதீர்கள் என்றார்.

மச்சினன்தான் முதலில் வந்தான். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் செய்தி கேட்டு அப்படியே ஓடிவந்திருந்தான். பின்னாலேயே ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர், வார் வைத்த மடக்கு நாற்காலியோடு. அவளை உட்காரவைத்து வாரை மாட்டித் தூக்கினார்கள். நான்காவது மாடித் திருப்பம் குறுகல். நாற்காலி சுவரில் முட்டி நின்றது.

ஆகாசம் மேலே நின்று குனிந்து பார்த்தார். கைகள் தானாக எழுந்தன.

"நிறுத்து. அரையடி பின்னாடி. தலைப்பக்கம் மட்டும் இடது. இன்னும். போதும். இப்ப இறக்கு... மெதுவா... மாப்ளே, கீழே எவ்வளவு இருக்கு?"

"ஒரு சாண் இருக்கு மாமா!" மச்சினன் கீழ்ப்படியில் நின்று, துறைமுகத்தில் காட்டுகிற அதே சைகையில் கையைக் காட்டினான். "வாங்க, வாங்க, வாங்க... சரி!"

ஆம்புலன்ஸ்காரர்கள் மறுபேச்சில்லாமல் இவர்கள் சொன்னபடி செய்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே மாமா, கீழே மாப்பிள்ளை. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்து தலைகள் எட்டிப்பார்த்தன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, "நான் என்ன கன்டெய்னரா?" என்று கேட்டாள்.

"கன்டெய்னரைக் கீழே போட்டா கம்பெனி நஷ்ட ஈடு குடுக்கும். உன்னைப் போட்டா யார் குடுப்பா? பேசாம வா" என்றார் ஆகாசம். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான். இதயத்தின் மேல் அறை தாளம் தப்பி ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, கட்டி எதுவும் சேர்ந்திருக்கவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, துடிப்பை அடக்கும் மாத்திரை, அப்புறம் ஒரு நாள் கொஞ்ச நேரம் மயக்கம் கொடுத்து நெஞ்சில் ஒரு சின்ன மின்சாரத் தட்டு. தப்பிய தாளம் சேர்ந்துகொண்டது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கடையை யார் திறந்தா?" ஆகாசத்துக்கு அந்தக் கேள்வி தேனாக இனித்தது. மச்சினன் திறந்திருந்தான். ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தப்பான கண்ணாடியைக் கொடுத்தனுப்பியிருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

அன்று சிஸ்டரை ஆகாசம் முதன்முதலாக நேரில் பார்த்தார். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம், கோபம் மட்டும் உயரம்.

"நீங்க பண்ண காரியம் தெரியுதா? அந்தத் துடிப்பு உங்களோடதுன்னு நம்பி அவங்க மாத்திரையை உங்களுக்குக் குடுத்திருந்தா? அங்க உக்காந்து நாங்க பாக்குறது வெறும் நம்பரை இல்ல ஐயா. ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாடியும் ஒரு ஆள் இருக்காருன்னு நம்பித்தான் பாக்குறோம்."

"தெரியுது சிஸ்டர்."

"உங்க ஒரு மாசக் கணக்கு மொத்தமும் அழிச்சாச்சு. துறைமுகத்துக்கும் சொல்லியாச்சு. நாளையிலிருந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிக்கிறேன் சிஸ்டர்."

எந்தச் சாக்கும் சொல்லாமல் அவர் நின்ற விதத்தைப் பார்த்து சிஸ்டருக்கே பாவமாகிவிட்டது போல. போகும்போது திரும்பி, "ஆனா நீங்க கத்துனீங்க பாருங்க, 'அது என் கை இல்ல'ன்னு, அதை எங்க ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனார்.

வீட்டுக்கு இரண்டாவது அட்டைப்பெட்டி வந்தது. கண்ணாடிக்காரம்மா அவளுடைய பட்டைக்குச் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டுக்கொண்டாள், இனி எவரும் கை மாறிவிடாமல் இருக்க. காலையில் இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் சாய்ந்து உட்காருவார்கள். ஆகாசம் நிஜமாகவே நடக்க ஆரம்பித்தார். வெயில் என்று ஜன்னலிலிருந்து முடிவெடுக்க முடியாது, டாக்டரம்மா அவளையும் நடக்கச் சொல்லியிருந்தார், அவளைத் தனியாக அனுப்ப இவருக்கு மனசில்லை. கடலைப் பொட்டலம் நுழைவாயிலிலேயே மற்றவர்களுக்குப் போனது. ஜன்னலில் இருந்தபடி லாரி டிரைவர்களுக்கு, "அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்துதான் பிரஷர் எடுக்கணும்" என்று அரை மணி நேரம் பேசுவார். எண் மெல்ல இறங்கியது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்திரண்டு. ஒரு நாள் நூற்று இருபத்தொன்பது வந்தபோது தன் கைதானா என்று அவரே தடவிப்பார்த்துக்கொண்டார்.

புது மாதத்தின் கடைசிக் காலையும் வந்தது. ஆகாசம் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவள் தன்னுடையதை முடித்துவிட்டுப் பட்டையை மடித்தாள். அவருக்கு ஒரு கேள்வி நெடுநாளாகவே தொண்டையில் நின்றது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் தினமும் கையை நீட்டுன்னேன், நீயும் நீட்டுனே. நீ அவ்வளவு ஏமாளியா?"

"முதல் நாளே தெரியும். போன் டிங்குன்னு அடிச்சப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேனே."

"அப்ப ஏன் சும்மா இருந்தே?"

அவள் மடித்த பட்டையை மறுபடி பிரித்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. வரும், போகும். டாக்டர்கிட்ட போகப் பயம். போனா ஏதாவது இருக்குன்னு சொல்லிடுவாங்களே. நீங்க கையைக் கேட்டீங்க. நல்லதாப்போச்சு, யார் பேருலயாவது யாராவது பாக்கட்டும்னு நீட்டினேன். ஒண்ணும் இல்லைன்னு வந்தா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் கேபின். நீங்க என் கையைத் திருடினீங்க. நான் உங்க பேரைத் திருடினேன்."

ஆகாசத்துக்கு வாய் அடைத்துவிட்டது. அது நடக்கிற காரியமா, ஆனால் நடந்தது.

"அந்த ஹார்ட்டு மின்னுனப்ப?"

"தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் தைரியம் வரல. அன்னைக்கு அவங்க கூப்பிட்டப்ப நான் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடத்தான் பார்த்தேன். ரெண்டு நாள் பாப்போம்னு டாக்டரம்மா சொன்னதும், அப்பாடா தப்பிச்சோம்னு நினைச்சேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா நானும் திறந்திருக்க மாட்டேன்." அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. "பேசிப் பேசியே என் காதைத் தீச்சவரு. ஒரு நாளாவது உருப்படியா பேசுனீங்க."

ஆகாசத்தின் விரல் எப்போது பொத்தானில் பட்டதோ, பட்டை இறுகத் தொடங்கியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமும் வந்தது. எல்லாம் ஒன்றாக வந்தால் என்ன ஆகும்? நூற்று அறுபத்துமூன்று.

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"ஐயா! கடைசி நாளு அதுவுமா நூத்தி அறுபத்துமூணா?" என்றார் சிஸ்டர். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். என் பொண்டாட்டி உண்மை சொல்லிட்டா."

அந்தப் பக்கம் சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அந்த அறை முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும்.

"கவலைப்படாதீங்க. ஒரு எண்ணை வெச்சு யாரும் எதையும் முடிவு பண்றதில்ல. மாசம் பூரா நல்லா இருந்திருக்கு, கடிதத்துல டாக்டர் நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. திங்கட்கிழமை நீங்க மேல ஏறலாம். ஆனா இதை இப்படியே விடக்கூடாது. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்துட்டு மறுபடி எடுத்து அனுப்புங்க."

ஆகாசம் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வசவுக்குத் தயாராக, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் அவள். உதடும் கன்னமும் நல்ல ரத்த ஓட்டத்தோடு சிவந்திருந்தன.

"பேசாம இருக்கிறது மட்டும் இப்ப முடியாது சிஸ்டர்" என்றார் ஆகாசம். "இவளை நாலு கேள்வி கேக்காம விட்டா என் நெஞ்சு வெடிச்சிடும். சாயந்திரம் எடுத்து அனுப்புறேன்."